தாங்கும் என்றேன்

கார் ராலியில், வண்டி பழுது பார்க்கப் போட்டிருந்த அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தவர்கள் இவர்கள். வண்டி ஓட்டுகிற சார். பக்கத்தில் உட்கார்ந்து பாதை படிக்கிற அவர் தங்கை. நேவிகேட்டர் என்பார்கள், நாங்கள் மேடம் என்போம். வெல்டிங்காரர். சாமான் வேன் டிரைவர், சமையலும் அவர்தான். நான் மெக்கானிக். தார்ப்பாய்க்கு வெளியே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பெங்களூர் அடுகோடியில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவன். ஒரு நாள் கஸ்டமர்கள் எதிரில் அவனை, "பஞ்சர் ஒட்டத்தான்டா நீ லாயக்கு" என்று சொல்லிவிட்டேன். கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். வேறு ராலி டீமில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். ஒரு வருடமாக ஈஜிபுராவில் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் மனைவி அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று நாள் ராலி. பெங்களூரில் கொடியசைத்து அனுப்புவார்கள், சுற்றிவிட்டு பெங்களூருக்கே வர வேண்டும். நடுவில் எல்லாம் மண் ரோடு. தைல மரத்தோப்பு, ஏரிக்கரை, கல். பல நாடுகளில் நடக்கிற போட்டியில் இதுவும் ஒரு சுற்று என்பதால் வெளிநாட்டு டீம்களும் வந்திருந்தன. அவர்கள் தரையில் விரிப்புப் போட்டு, கையுறை மாட்டி வேலை செய்தார்கள். நாங்கள் சோடாப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தோம்.

எங்கள் சாருக்கு ஜெயிக்கிற எண்ணம் கிடையாது. அந்தச் சின்ன வண்டிக்கு அது ஆகாது. கடைசி நாள் சாயங்காலம் ஒரு மேடை போட்டிருப்பார்கள். ஓடி முடித்த வண்டிகள் மட்டும் ஒவ்வொன்றாக அதில் ஏறி இறங்கும். அதில் ஒரு தடவை ஏற வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. முன்னால் ஓட்டிய ராலி ஒன்றையும் அவர் முடித்ததில்லை. ஒரு தடவை இன்ஜின். ஒரு தடவை பள்ளம். ஒரு தடவை குறுக்கே மாடு. "இதுதான் கடைசி" என்று அவர் அப்பா சொல்லிவிட்டார். ராலி முடிந்ததும் அவர் குடும்பத்து ஊதுபத்தி ஃபேக்டரியில் போய் உட்கார வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம். கடைசி சர்வீஸ், வண்டியை நிறுத்திப் பழுது பார்க்கக் கொடுக்கிற நேரம். அதற்குப் பிறகு ஓட்ட வேண்டியது இரண்டே ஸ்டேஜ், இரண்டு துண்டுப் பாதை. மச்சானின் வண்டி எங்களுக்கு முன்னால் உள்ளே வந்து, பக்கத்துத் தார்ப்பாயில் ஜாக்கிமேல் நின்றது. இரண்டும் ஒரே மாடல். எங்கள் வண்டி இன்னும் வரவில்லை. அவன் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா."

ஒரு வருடம் கழித்து அந்த வார்த்தை.

"சொல்லு."

"வலது ஆக்சில் போச்சு மாமா. ஸ்பேரை நேத்தே போட்டுட்டோம். உங்க வேன்ல ஒண்ணு இருக்குல்ல?"

வெல்டிங்காரர் சிரித்தார். "பஞ்சர் கடையில கேட்டுப் பாருடா."

"அப்புறமா எவ்ளோ வேணா ஓட்டுங்கண்ணா. இப்ப டைம் போவுது."

சார் வரட்டும் என்றேன்.

சொந்தக் காசில் ஓடுகிற டீம்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் சாமான் கேட்டால், தன் வண்டிக்கு வேண்டியதில்லை என்றால் கொடுத்துவிட வேண்டும். வேண்டுமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டியவன் மெக்கானிக். அவன் சொன்னால் அதுதான் பேச்சு.

எங்கள் வண்டி வந்தது. எங்களுக்கென்று ஒரு வழக்கம். தார்ப்பாய்க்குள் வருவதற்கு முன் சார் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போடுவார். நான் குனிந்தபடி, முன் சக்கரத்தின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நடப்பேன். ஆக்சில் போகப் போகிறது என்றால் 'டக் டக்' என்று சொல்லிவிடும். சந்தேகமாக இருந்தால் விரலைச் சுழற்றிக் காட்டுவேன். இன்னொரு வட்டம் போவார்.

அன்றைக்கு வலது சக்கரத்தில் ஒரு டக். ஒன்றுதான். கல் தெறித்ததாகவும் இருக்கலாம். இன்னொரு வட்டம் போனால் தெரிந்திருக்கும். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் விரலைச் சுழற்றவில்லை. உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

சார் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் செம்மண். மச்சான் விஷயத்தைச் சொன்னான்.

"நம்மகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். இன்னும் ரெண்டு ஸ்டேஜ் இருக்கு" என்றார் மேடம்.

சார் என்னைப் பார்த்தார். "குரு, நம்மளுது தாங்குமா?"

"தாங்கும் சார்."

"அப்போ குடுத்துடு. வேன்ல படுத்துத் தூங்கறதுக்கா அது?"

மச்சான் ஆக்சிலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். எங்கள் வண்டி வேலையை வெல்டிங்காரரிடம் விட்டுவிட்டு நானும் கொஞ்ச நேரம் அங்கே போனேன். ஹப்பை நான் இழுத்துப் பிடிக்க, அவன் ஆக்சிலைச் சொருகினான். கை ஒரே மாதிரி வேலை செய்தது. நேரத்துக்குள் அந்த வண்டி வெளியே போயிற்று. "தேங்க்ஸ் மாமா" என்றான். அக்காவைப் பற்றிக் கேட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வண்டி முதல் ஸ்டேஜ் தாண்டியது. கடைசி ஸ்டேஜில் நின்றுவிட்டது.

வேனில் போய்ச் சேர்ந்தபோது, சார் ஏரிக்கரைக் கல்லின்மேல் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மேடம் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வலது ஆக்சில். படுப்பதற்கு முன்பே தெரியும்.

"தாங்கும்னியே குரு. பாதி தாங்கிச்சு" என்று சார் சிரித்தார்.

"சர்வீஸ்ல ஒரு சத்தம் கேட்டுச்சு சார்."

வெல்டிங்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை?" என்றார் சார்.

"ஒண்ணு."

"இன்னொரு ரவுண்டு போகச் சொல்லலையே."

"சொல்லல சார்."

அவர் கடலைத் தோலை ஊதினார். "ஒண்ணுதானே. என்கிட்ட சொல்லிருந்தாலும் நான் குடுத்திருப்பேன். பேடா, வேணாம், விடு."

"சொல்லிருக்கலாம்" என்றார் மேடம்.

மேடம் சொன்னதுதான் சரி. சார் கொடுத்திருப்பார், அவர் அப்படிப்பட்டவர். ஆனால் கொடுத்தது அவர் இல்லை. அவருடையதை எடுத்து நான் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தான். என் மனைவி கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். அவனுக்கு எலும்பு பார்த்துப் போட்டாள், எனக்கும் போட்டாள். சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வருவான். அவர்கள் இருவரும் சிரித்துப் பேசும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். பீடி பிடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை ஃபேக்டரி ஜெனரேட்டர் பார்க்கக் கூப்பிட்டார்கள். சார் வெள்ளைச் சட்டையில் மேசையில் இருந்தார். எழுந்து வந்து தோளில் கை போட்டார். கையில் பெட்ரோல் வாசனை இல்லை, சந்தன வாசனை. "மச்சான் எப்படி இருக்கான்?" என்றார். "நல்லா இருக்கான் சார்" என்றேன். டீ குடித்துவிட்டு வந்தேன்.

ராலியில் ஆக்சில் போன அன்று சாயங்காலம், மேடையைப் பார்க்கப் போக வேண்டும் என்று சார்தான் பிடிவாதம் பிடித்தார். "நாம எதுக்கு சார்?" என்றேன். "நம்ம ஆக்சில் ஏறுது, பார்க்க வேணாமா?" என்றார். வண்டியைக் கட்டி இழுத்துவந்து ரோட்டோரம் விட்டுவிட்டுப் போனோம். சாரும் மேடமும் ரேஸ் உடுப்போடு, ஜனங்களோடு ஜனங்களாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். வெளிநாட்டு வண்டிகள் முதலில் ஏறின. எல்லாருக்கும் கடைசியாக மச்சானின் வண்டி வந்தது. பம்பர் தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் பக்கத்திலேயே ஓடி வந்தான். சார் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்.

அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டார். "மொத்தம் எத்தனை ஏறிச்சு குரு?"

முதல் வண்டியிலிருந்து எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

"பதினாலு."