பசியோடு நிற்கும் பசு

வங்காலைக்குத் திரும்பி வந்து குடியேறி ஏழெட்டு வருடம் கழித்து, மகள் தன் பழைய கைபேசியைத் தாய்க்குக் கொடுத்தாள். அதில் ஒரு பண்ணை விளையாட்டு இருந்தது. பத்து நாளில் என் மனைவி அதற்குள் குடிபோய்விட்டாள். கத்தரி, சோளம், கோழி, ஒரு சிவப்புப் பசு. வெளியே வளவில் எங்களுக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை. அதைச் சொல்லிச் சீண்டுவேன்; காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் செபமாலைக்கு நடுவே கைபேசி சிணுங்கியது. பசுவின் படம், பக்கத்தில் வெறும் தீனித்தொட்டி. பாதிச் செபத்தில் எழுந்து போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகளுக்குக் கொழும்பில் இப்படியான விளையாட்டுகளைச் செய்யும் இடத்தில்தான் வேலை. விடுமுறையில் வந்தவளிடம் முறையிட்டேன். புதிதாக ஒன்று கிடைக்கும் என்ற ஆசையைவிட, இருப்பது போய்விடும் என்ற பயம்தான் ஆட்களைத் திரும்பத் திரும்ப இழுத்து வருமாம். அதற்காகவே பசுவைப் பட்டினி போடுகிறார்களாம்.

"செத்துப்போகுமோ?" என்று மனைவி கேட்டாள்.

"சாகாது அம்மா. செத்தால் ஆக்கள் மனம் விட்டுப்போய்ப் பிறகு வரமாட்டினம். மெலியும், அவ்வளவுதான்."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. போரில் ஊரைவிட்டு ஓடியபோது, மேய்ந்தாவது பிழைக்கட்டும் என்று மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் எல்லோரும் போனார்கள். மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள். எங்கள் பசு கட்டியிருந்த கொட்டிலுக்குப் போக வேண்டியவன் நான். ஷெல் விழத் தொடங்கியதும் போகாமலே அவர்கள் பின்னால் ஓடினேன். வழியில் கேட்டாள். அவிழ்த்துவிட்டேன் என்றேன். திரும்பி வந்தபோது கொட்டில் நின்ற இடத்தில் பற்றைக்காடுதான் இருந்தது.

தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் ஆளுக்கொன்றை நாற்பது நாள் விடுவது வழக்கம். நான் சுருட்டை விட்டேன். என் வாயை அடைப்பதற்காக அவள் விளையாட்டை விட்டாள். கைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

நான்தான் போனேன். அவள் பூசைக்குப் போகும் நேரம் பார்த்து எடுத்து, சார்ஜ் ஏற்றி, பசுவுக்குத் தீனி வைத்தேன். சாகாது என்று தெரியும். தெரிந்தும் ஒரு நாள் தவறவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

உயிர்ப்பு ஞாயிறன்று பூசை முடிந்து வந்து கைபேசியைத் திறந்தாள். பசு கொழுகொழுவென்று நின்றது.

நீங்களோ தீனி வைத்தது என்று கேட்டாள். ஓம் என்றேன். நிறைந்திருந்த தீனித்தொட்டியைப் பார்த்தாள்.

"அப்ப, அண்டைக்கு நீங்கள் கயிறு அவிட்டுவிடேல்லை," என்றாள்.