சென்னம்மாள் கன்னத்துக்கு ஒரு நிறம்

அனுப்பர்பாளையம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி நான் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் நடத்துகிறேன். வளையல், ரிப்பன், நகப்பூச்சு, பவுடர் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசியே உயிரை எடுப்பவர்கள் எனக்குப் பழக்கம். சென்னம்மாள் பேரமே பேசவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்தாள், முகர்ந்தாள், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தாள், திரும்பி வந்து மூடி வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னதான் வேணும் உனக்கு?" என்றேன்.

"பூசுனா மூஞ்சி தெளிவா இருக்கோணும். பூசுனதுன்னு தெரியக்கூடாது. அப்பிடி ஏதாச்சும் இருக்குதுங்களாக்கா?"

"பவுடர் எடுத்துக்க."

"பவுடர் காட்டிக் குடுத்துருமுங்க."

யாரிடம் காட்டிக்கொடுக்கும் என்று கேட்டேன். அப்போதுதான் கதை வெளியே வந்தது. 2006ஆம் வருடம் அது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்கு வேலை. சாயம் போட்டு வரும் துணியில் நிறம் தவறியிருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. கணவர் விபத்தில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு பொட்டு இல்லை, பூ இல்லை, பவுடர்கூட இல்லை. யாரும் அடித்து மிரட்டவில்லை. கணவரின் அக்கா ராமுத்தாய் ஒரு பார்வை பார்ப்பாராம், அது போதுமாம். கணவரின் அக்காவை இந்தப் பக்கம் நங்கை என்பார்கள்.

இப்போது அவள் மகள் தேவிப்பிரியாவுக்கு வெள்ளகோவிலில் கல்யாணம். தாய் செய்ய வேண்டிய சடங்குகளைக் கொழுந்தனாரும் அவர் மனைவியும் செய்வதாக ஏற்பாடு. அதை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். ஒப்புக்கொள்ள முடியாதது வேறொன்று.

"நிச்சயதார்த்தப் போட்டோவப் பாத்துப்போட்டு, 'பொண்ணோட அம்மாவுக்கு உடம்புக்கு என்ன?'ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்களாம். எனக்கு ஒண்ணுமில்லீங்கக்கா, நல்லாத்தான் இருக்கறேன். கல்யாணப் போட்டோவுல அது தெரியோணும்."

என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. இப்படி ஒரு சாமான் உலகத்தில் உண்டா என்கிற ஆவல் அதைவிட அதிகமாக இருந்தது.

உண்டுதான். என் தம்பி பாரூக் சென்னையிலிருந்து கொண்டுவந்த சரக்கில், கன்னத்தில் பூசுகிற கிரீம் கொஞ்சம் இருந்தது. டப்பாவில் பிளஷ் என்று போட்டிருக்கும், நாங்கள் ரூஜ் என்போம். ஊரில் ஒருத்தரும் சீண்டவில்லை. எடுத்து வரிசையாக வைத்தேன். பாதிக்கு மேல் பீச் நிறம்.

"பீச்சுங்களா?" என்று அவள் முகம் மலர்ந்தது. பீச் பழத்தை நாங்கள் இருவரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் நிறம் அவளுக்கு அத்துப்படி. வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போகிற சட்டைகளில் அந்த நிறம்தான் ஓயாமல் ஓடுகிறதாம். மஞ்சள் தட்டிய பீச், ரோஸ் தட்டிய பீச், பால் கலந்த மாதிரி ஒரு பீச் என்று அடுக்கினாள். பிறகு பையிலிருந்து வெள்ளைப் பனியன் துணித் துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு கிரீமிலும் துளித்துளி தடவி, ஓர் அட்டையில் வரிசையாகக் குத்தினாள்.

"முகத்துக்கு வாங்குறியா, ஆர்டர் அனுப்புறியா?"

"கம்பெனியில லைட் பெட்டி இருக்குதுங்க. பகல் வெளிச்சத்துல எப்பிடி, மண்டபத்து டியூப் லைட்டுல எப்பிடின்னு அதுல பாத்துப்போட்டு வர்றேன்."

கிண்டல் செய்தேனே தவிர, அவள் திரும்பி வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்தாள். பால் கலந்த பீச்சை விரலால் தட்டி, "இதுதான் அப்ரூவலுங்க. எந்த வெளிச்சத்துலயும் மாறல" என்றாள். துணியில் அது அவ்வளவு அழகாக இருந்தது. கண்ணாடி முன் நிற்க வைத்துக் கன்னத்தில் தடவினேன்.

மாவு மில்லிலிருந்து நேராக வந்தவள்போல் இருந்தாள். கன்னம் சாம்பல் பூத்து, இல்லாத நோய் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பூசினால் சரியாகிவிடும் என்று நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். இன்னும் மோசமானது.

"துணியில நல்லாத்தானுங்களே இருந்துச்சு!" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். கன்னத்தைத் துடைத்தாள். அட்டையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெளிர் கலரு போடறதுன்னா, மொதல்ல துணியப் பால்வெள்ளையா வெளுத்துப்போட்டுத்தான் சாயத்துல விடுவாங்கக்கா. அப்பத்தான் அந்தக் கலரு கெடைக்கும். நானு வெள்ளத் துணியில பாத்துட்டு வந்து வெளுக்காத மூஞ்சியில பூசுறேன்! என்ற மூஞ்சிய யாரு வெளுத்தா?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வேறு பெண்ணாக இருந்தால் சலித்துப்போய்க் கிளம்பியிருப்பாள். இவளோ மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். செங்கல்லையும் ஆரஞ்சையும் சேர்த்து அரைத்தமாதிரி ஒரு டப்பா மிச்சம் இருந்தது. பார்த்தாலே பயமாக இருக்கும். வேறு வழியில்லாமல் அதைத் திறந்தேன். இந்த முறை துணி இல்லை. முதலில் மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தோம். பிறகு அவளைச் சிரிக்கச் சொல்லி, கன்னம் மேடு தட்டிய இடத்தில் ஒரு பொட்டளவு வைத்து, விரல் நுனியால் தட்டித்தட்டிக் காதுப் பக்கமாகப் பரப்பினேன்.

அவள் மாநிறத்தோடு அந்தச் செங்கல் நிறம் கலந்ததும், அவள் தேடிய பீச் வந்து நின்றது. பூச்சு தெரியவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்டு, நாலு எட்டு நடந்துவிட்டு வந்தவளின் முகம் தெரிந்தது. அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். தாலி கட்டி முடிந்து, உறவினர்கள் போட்டோவுக்கு நிற்கத் தொடங்கிய நேரம். மண்டபத்தின் ஓரத்தில் சென்னம்மாளோடு நின்றுகொண்டிருந்தேன். ராமுத்தாய் வந்தார். கூடவே அவர் மருமகள் மைதிலி. சின்னப் பெண். ராமுத்தாயின் மகன் போன வருடம் இறந்துவிட, அவளும் வெறும் நெற்றியோடு மாமியாரின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

ராமுத்தாய் சென்னம்மாளை உற்றுப் பார்த்தார். "என்ன புள்ள, மூஞ்சி இன்னைக்கு ஒரு தினுசா இருக்குது?"

"அடுப்படியில நின்னனுங்க, அந்தச் சூடாட்டம் இருக்குது" என்றாள் சென்னம்மாள்.

ராமுத்தாய் நம்பவில்லை. தன் வெள்ளைச் சேலை முந்தானையால் அவள் கன்னத்தை ஒரு இழு இழுத்தார். முந்தானையில் ஒன்றுமே ஒட்டவில்லை. பூசியபின் துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லியிருந்தேன், அவளும் கச்சிதமாகச் செய்திருந்தாள். ராமுத்தாயின் முகம் தெளிந்தது. மருமகள் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்க மைதிலி. இத்தன வருசமா உங்கத்தை ஒண்ணத் தொட்டதில்ல. கல்யாணத்துலகூடத் தொடல. நீயும் இப்பிடித்தான் இருந்து பேரெடுக்கோணும்."

மைதிலி தலையைக் குனிந்துகொண்டாள். மேடையிலிருந்து போட்டோக்காரர், "பொண்ணோட அம்மா வாங்க!" என்று கூப்பிட்டார். சென்னம்மாள் ஆசைப்பட்டது இதற்குத்தான். வாயை மூடிக்கொண்டு மேடை ஏறினால் போதும். ஏறித்தொலையேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

அவள் நகரவில்லை. "பூசியிருக்கறனுங்க நங்கை" என்றாள்.

ராமுத்தாய்க்குப் புரியவில்லை. "என்ன?"

"கன்னத்துக்குக் கிரீம் பூசியிருக்கறனுங்க. என்ற புள்ள கல்யாணத்துல நான் நல்லா இருக்கறேன்னு தெரியோணும்னு, தேடித்தேடி வாங்கிப் பூசுனேன். என்னையக் காட்டி அந்தப் புள்ளைக்குச் சொல்லாதீங்க."

ராமுத்தாய் கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. முந்தானையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் இருந்த மைதிலி மெதுவாக முன்னே வந்தாள். சென்னம்மாளின் கன்னத்தை விரலால் தொட்டு, விரல் நுனியைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் தொட்டாள்.

"எந்தக் கடையிலீங்கத்தை?" என்று கேட்டாள். மாமியாரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சென்னம்மாள் என்னைக் கை காட்டிவிட்டு மேடைக்குப் போனாள்.