கடலுக்கு ஊற்றிய சிறுவாணி

எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கைக்குத்தான் வரும். பத்து வயதில், ஐந்தாம் வகுப்பில், அதனால் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவேன். முன் சீட்டுக்காரர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஆயுத பூசையை ஒட்டி அப்பா இரும்பு வார்க்கும் வேலை பார்த்த பவுண்டரிக்கு மூன்று நாள் லீவு விட்டார்கள். தாராபுரத்தில் இருக்கும் அத்தை, அப்பாவுக்கு அக்கா. அத்தை வீட்டு மாமா டெம்போ ஓட்டுபவர். மாயவரத்துக்கு முருங்கைக்காய் லோடு கொண்டுபோனவர் அங்கிருந்து தரங்கம்பாடி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, கடலைத் தொட்டுக்கொண்டே ஒரு கோட்டை நிற்கிறது, பக்கத்திலேயே பாதியைக் கடல் தின்ற கோவில் ஒன்றும் இருக்கிறது, ஊரில் ஆள் நடமாட்டமே இல்லை என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் ஆசை காட்டிவிட்டார். மாமாவைத் தவிர எங்களில் யாரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், உக்கடம் குளம்.

எங்கள் வீடு வடவள்ளிக்கு மேற்கே. அந்தப் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் போனால் துணிமணியை மறந்தாலும், குழாயில் வரும் இனிப்பான சிறுவாணி ஆற்றுத் தண்ணீரை மறக்க மாட்டார்கள். அம்மாவும் பத்து லிட்டர் கேன்கள் இரண்டை நிரப்பிக்கொண்டாள். ஒன்று அத்தைக்கு, இன்னொன்று வழிக்கு. தாராபுரம் பஸ்ஸில் அந்தக் கேன்களுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. அவை சீட்டுக்கடியில் பத்திரமாக இருந்தன. நான் நின்றுகொண்டு போனேன்.

டெம்போவில் ஏறும்போதுதான் அத்தை அதைச் சொன்னார்.

"தம்பி, அஞ்சாவது முடிஞ்சதும் புள்ளைய எங்கிட்ட உட்டுரு. ஆறாவதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி என்னத்தப் படிக்கறது? எனக்கும் முட்டி வலி. ஆட்டப் பாத்துக்கும், எனக்கும் தொணையா இருக்கும்."

"பாக்கலாங்க்கா" என்றார் அப்பா.

தாய் இல்லாத அப்பாவை வளர்த்தது அத்தைதான். அத்தையிடம் அப்பா பார்க்கலாம் என்று சொன்னால் சரி என்றுதான் பொருள். அம்மா புளிச்சோற்றுத் தூக்கின் மூடி சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். எனக்கு அத்தையைப் பிடிக்கும், ஆடுகளையும் பிடிக்கும். ஆனால் ஆடுகளுக்குப் படித்துக்காட்டி என்ன பிரயோசனம்? தார்ப்பாய்க்குக் கீழே சாக்கு மெத்தையில் படுத்துக்கொண்டு ஒரு முடிவு எடுத்தேன். போகிற இடத்தில் ஒரு பலகை விடாமல் படிக்க வேண்டும். அத்தை அசந்துபோய், தான் சொன்னதைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும்.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய வாசல். அதற்குள் நுழைந்து நேராகப் போனால் தெருவின் முடிவில் வீடுகளும் இல்லை, மரங்களும் இல்லை, ஒரே வெளிச்சம். அந்த வெளிச்சம் அசைந்தது.  மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இத்தன தண்ணிய வெச்சுக்கிட்டு இவங்க என்னதாம் பண்றாங்க?"

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, தெரியும்" என்றார் அத்தை.

நான் செருப்பை எங்கே விட்டேன் என்று எனக்கே தெரியாது. அலை கணுக்காலைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கும்போது காலடி மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஓடினேன், கத்தினேன், பாவாடை முழுக்க நனைந்தது. அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கோட்டை வாசலில் தமிழில் ஒரு பலகை இருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக் கூட்டத்தில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். டென்மார்க் தேசத்தார் கப்பலில் வந்து கட்டிய கோட்டை, நானூறு ஆண்டுப் பழமை, மிளகு வியாபாரம். வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் இறங்கியிருந்த பெண்கள் சிலர் என்னைச் சுற்றி நின்றார்கள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். இரண்டாம் தடவை குரலை இன்னும் உயர்த்தினேன்.

"மொளகு வாங்கறதுக்கா கடல் தாண்டி வந்தாங்க?" என்று கேட்டார் அத்தை.

"நாம கடலப் பாக்கறதுக்கே முந்நூறு கிலோமீட்டரு வந்திருக்கறமல்லோ" என்றார் மாமா.

கோட்டைக்குள் இருந்த இருட்டறைகளிலும் பீரங்கிப் பக்கத்திலும் கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படித்தேன். "எச்சில் துப்பாதீர்" என்பதைக்கூட அதே ராகத்தில் படித்தேன். அத்தை என் தலையில் கை வைத்து, "அம்மணி கணீர்னு படிக்குதே" என்றார். பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்தது கோவில். முன்பக்கம் முழுவதையும் கடல் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்த சுவரின் காலடியில் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். அலை அவற்றின் மேல் மோதி எங்கள் முகம் வரைக்கும் தெறித்தது. பயமாகவும் இருந்தது, அந்த இடத்தை விட்டு நகரவும் மனம் வரவில்லை. பாறைகளுக்குப் பக்கத்தில் தகரப் பலகை ஒன்று நின்றது. எல்லோரும் அதன் முன்னால் போய் எனக்காகக் காத்திருந்தார்கள்.

உப்புக்காற்று அந்தத் தகரத்தைத் தின்றுவிட்டிருந்தது. துருவுக்கு நடுவே ஒரு "லை", ஒரு "கட", கீழே ஒரு "து". அவ்வளவுதான் மிச்சம்.

"என்ன கண்ணு, இதுல என்ன போட்டிருக்குது?" என்று கேட்டார் அத்தை.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தை முகத்தைப் பார்த்தேன். வழியெல்லாம் அவர் தன் விவசாயக் காட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்திருந்தார். அறுநூறு அடிக்கு போர்வெல் போட்டும் வெறும் புகைதான் வந்ததாம். பழைய கிணற்றில் புறா குடியிருக்கிறதாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, துருவைப் பார்த்துப் படித்தேன்.

"கடலுக்குத் தாகம் அதிகம். ஆகவே அது இக்கோவிலின் முன்மண்டபத்தை விழுங்கியது. தம் ஊர்க் குடிநீரை இங்கே கடலுக்கு ஊற்றுவோர் ஊரில் கிணறு வற்றாது."

சொல்லி முடித்ததும் எனக்கே அது உண்மைபோல் இருந்தது. அத்தை பலகையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கேன்ல தண்ணி இருக்குதா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

 அப்பா கேனை எடுத்து வர டெம்போவுக்குப் போனார். அம்மா கொஞ்சம் தள்ளிப் பனைமரத்தடியில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் பலகையைக் கைகாட்டி ஏதோ சொன்னாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு நான்கு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்தாள். புளிச்சோறும் தயிர்சோறும் முறுக்கும் வண்டியில் இருக்கும்போது, வெளியே எதையும் வாங்கித் தராத அம்மா சுண்டல் வாங்கியது எனக்கு வினோதமாக இருந்தது. சுண்டல் சூடாக இருந்ததால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

கேன் வந்ததும் அத்தை செருப்பைக் கழற்றினார். அம்மா நாத்தனாருக்குக் குறுக்கே வந்தாள்.

"நீங்க கீழ எறங்காதீங்க நங்கை. அலை பெருசா வருது, உங்க முட்டிக்கு ஆகாது. நான் ஊத்தறேன்."

கரையோரக் கல்லின் மேலேயே நின்றுகொண்டு அம்மா கேனைச் சாய்த்தாள். வடவள்ளியிலிருந்து மூன்று பேர் மாறி மாறித் தூக்கி வந்த தண்ணீர் களகளவென்று இறங்கி, ஒரு நொடியில் கடலோடு கலந்தது. அத்தை கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

திரும்பும் வழியில் நெடுநேரம் எல்லோருக்கும் தாகம். ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அப்பா முகத்தைச் சுளித்தார்.

"கடலுக்குச் சிறுவாணி, நமக்கு உப்புத் தண்ணி" என்று மாமா சலித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எல்லாமே கேலிதானுங்க" என்று அத்தை அவரை அடக்கினார். பிறகு என்னைத் தன் மடிப்பக்கம் இழுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, நான் காலங்காலமா எத்தன கோயலுக்குப் போயிருப்பேன். எந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குதுன்னு ஒண்ணுந் தெரியாமயே வந்திருக்கறேன். ஆடு கெடக்குது உடு. இது ஆறாவது போகட்டும்."

"செரிங்க்கா" என்றார் அப்பா. இந்த முறை பார்க்கலாம் என்று சொல்லவில்லை. எனக்கு டெம்போவிலிருந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

ஐப்பசியில் நல்ல மழை. ஐப்பசியில் மழை பெய்வது வழக்கம்தான். ஆனால் புறா குடியிருந்த கிணற்றில் நான்கு முழம் தண்ணீர் ஏறியதற்கு என் படிப்புதான் காரணம் என்று அத்தை தாராபுரம் முழுக்கச் சொல்லிவிட்டார். பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி என்று ஒவ்வொன்றையும் நான் தாண்டும்போது அந்தக் கதை இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. போன மாதம் நான் வேலையில் சேர்ந்ததைக் கேட்டு வந்த அத்தை, பக்கத்து வீட்டாரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அன்றைக்கு அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டிருந்த நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். பலகையில் ஒன்றுமே இல்லை, எல்லாம் நானே கட்டிவிட்டது.

"ஒண்ணுமில்லாம என்ன, இருந்துச்சு" என்றாள் அம்மா. "அலை மோசமான எடம், கடல்ல எறங்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சாம். அந்தச் சுண்டல்காரம்மா சொல்லுச்சு."

கையில் வைத்திருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். "தெரிஞ்சுமா அத்தன தண்ணிய ஊத்துனே?"

அம்மா குழாயை மூடினாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அன்று பனைமரத்தடியில் சிரித்ததுபோலவே சிரித்தாள்.

"பலகைல இருந்தத அத்தைகிட்ட வந்து சொல்லிப்போடறேன்னு எந்திரிச்சுது அந்தம்மா. பின்ன நாலு பொட்டலம் எதுக்கு வாங்கினேன்னு நெனச்சே?"