இடது கையால் வாங்கிய தட்டு

செங்கல்பட்டில் அக்காவின் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சாமி படம் அல்ல. அவள் நாத்தனாரின் நிச்சயதார்த்தப் படம். மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் எடுத்தது. பட்டுப்புடவையில் அக்கா சிரித்துக்கொண்டே சம்பந்தி வீட்டாரிடமிருந்து வெற்றிலைத் தட்டை வாங்குகிறாள். பின்னால் அவளுடைய புருஷனும் மாமியாரும் நிற்கிறார்கள். விவாகரத்து வாங்கியவள் அவன் நிற்கிற படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாளே என்று வருகிறவர்கள் என்னிடம் குசுகுசுப்பார்கள். நல்லாப் பாருங்க என்று மட்டும் சொல்வேன்.

அவனை ஒரு காலத்தில் நான் மாமா என்று கூப்பிட்டிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது. சிறுசேரியில் கம்பெனி வேலை, கழுத்தில் அடையாள அட்டை, பெரியவர்களைக் கண்டால் ஒரு கும்பிடு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் வேறு ஆள். அவன் தங்கையின் நிச்சயத்துக்கு முந்தின நாள், எதிர்த்துப் பேசினாள் என்பதற்காக, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவின் கைமேல் கதவை அறைந்து சாத்தினான். வலது கையில் இரண்டு விரல் முறிந்துபோயிற்று. விசேஷம் முடிகிறவரை ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவிடவில்லை. மறுநாள் அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மேடையில் நின்றிருக்கிறாள். அதற்கடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவளை நாங்கள்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, "காத்துல கதவு சாத்திகிச்சி டாக்டர்" என்று அக்காவே சொன்னாள். அவன் மானம் போய்விடுமாம்! எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. அவளும் செய்தாள்.

விரல்கள் கோணலாகத்தான் கூடின. அவள் திரும்பிப் போகவில்லை. அவன் சும்மா இருக்கவில்லை. அவளுக்குப் புத்தி சரியில்லை என்று சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லி வைத்தான். பரஸ்பர சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும், கௌரவமாகவும் இருக்கும் என்றார் அப்பா. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரும் சேந்து பிரிஞ்சோம்னு எழுதுனா பாதி தப்பு என் தலையில வுயும்ப்பா. அவன் செஞ்சது முழுசும் அவன் பேர்லயே இருக்கணும்" என்றாள். கொடுமை என்று காரணம் காட்டி மனுப் போட்டாள். கொடுமையைச் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றார் வக்கீலம்மா. ஆஸ்பத்திரியில் காற்று என்று சொன்னவள் எதை வைத்து நிரூபிப்பாள்? வாய்தா மேல் வாய்தா. நீதிமன்ற வராந்தாவில் அவன் எங்களைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே இந்த வழக்கு ஜெயிக்க வேண்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தை நீதிமன்றத்தில் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். எங்கள் வீட்டில் இருந்தவரை அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அம்மா வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனதோ தெரியாது, நிச்சயத்தன்று எப்படிச் சிரிக்கிறாள் பாருங்கள் என்று சத்தியம் செய்து சாட்சி சொன்னான். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த அக்கா வக்கீலம்மாவின் காதில் ஏதோ சொன்னாள்.

வக்கீலம்மா குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்தவே இல்லை. உங்கள் மனைவி எந்தக் கையால் தட்டு வாங்குகிறார் என்று கேட்டார். இடது கை என்றான். சம்பந்தியிடம் இடது கையால் தாம்பூலம் வாங்குவதுதான் உங்கள் குடும்ப வழக்கமா, அதைப் பார்த்துக்கொண்டு உங்கள் அம்மாவும் பேசாமல் நின்றாரா என்றார். குடும்பத்தைச் சொன்னதும் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நாகரிகமாகப் பேசிக்கொண்டிருந்தவன் வாயில் வீட்டுப் பேச்சு வந்தது.

"எங்கம்மா ஒண்ணும் சும்மா இல்ல. இன்னாடி பீச்சாங்கையால வாங்குறேன்னு அங்கியே திட்டுச்சி. கை வீங்கிகினு கீது, வுடும்மான்னு நாந்தான் சொன்னேன்!"

நீதிபதி நிமிர்ந்தார். கீறல்கூட இல்லாத கை எப்படி வீங்கியது என்று கேட்டார். அதே வேகத்தில் அவன், "லேசாத்தான் சாத்துனேன்" என்றான்.

அவன் முகம் வெளுத்ததை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. கணவன் செய்த கொடுமை நிரூபணமானது என்று தீர்ப்பு வந்த வாரமே, அக்கா மாமல்லபுரம் போய் போட்டோக்காரரைத் தேடிப் பிடித்து அந்தப் படத்தை வாங்கி வந்தாள்.

போன மாதம் நான் அங்கே இருந்தபோது கருங்குழியிலிருந்து ஓர் அப்பாவும் அவருடைய தங்கையும் வந்தார்கள். அவனுக்குத் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பேசியிருக்கிறார்களாம். முதல் சம்சாரத்திடமும் ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள். "அந்தப் பொண்ணுதான் அனுசரிச்சிப் போவலன்னு சொல்றாங்கம்மா" என்று தயங்கினார் அவர். அக்கா உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். டம்ளரை இடது கையால் நீட்டினாள். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது.

"கோச்சிக்காதீங்க. அன்னிக்கும் இந்தக் கையாலதான் வாங்கினேன்" என்று சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். பிறகு கோணல் விரல்களோடு வலது கையை அவர்கள் முன்னால் விரித்தாள். "லேசாத்தான் சாத்துனாரு."

அவர் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். காபியைத் தொடாமல் எழுந்து, "நாங்க வரோம்மா" என்றார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அக்கா, மேஜையிலிருந்த இரண்டு டம்ளர்களையும் வலது கையாலேயே லாவகமாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.