கொக்கியைத் தட்டும் முன்

பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகு மரம் ஏற்றிவந்த லொறி டிரைவர் அவர். காதை மூடும் கம்பளித் தொப்பியை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை.

மரங்களை இறுக்கிய சங்கிலியின் கொக்கி ஒரே தட்டில் கழன்றுவிடும். மரங்கள் உருண்டு விழும். அவரோ முதலில் எங்கள் வாசல் நாயைத் தேடுவார். லொறிக்கடியில் போய்ப் படுக்கும் அதை, ரொட்டி காட்டித் தூரமாக அழைத்துப்போவார்.

"வெரட்டிவிட்டாப் போயிருமேண்ணே?" என்றேன்.

"வெரட்டுனா திரும்பி வந்துருங்க. திங்கக் குடுத்தா அங்கயே நிக்கும்."

ஒருநாள் லொறிக்கடியில் நாய் இல்லை.

"அதான் இல்லையே, தட்டுங்கண்ணே."

"எங்க நிக்குதுன்னு பாத்துட்டுத் தட்டுறேங்க."

மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் உள்ளே ஓடினோம். அவர் மட்டும் லொறிப் பக்கத்திலேயே நின்று நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தொப்பி தலையில் இல்லை. கையில் இருந்தது, அதற்குள் ரொட்டி நனையாமல் இருந்தது.