கீறல் போட்ட மூன்று பேட்டரிக் கட்டைகள்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழையும் நிறைய வரும். அச்சுக் கோப்பவர் திருத்திக்கொள்ளவும், உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ளவும் வேண்டுகிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால்தான் அக்காவின் முதலாண்டு நினைவு மலருக்கு இதை எழுதுகிறேன்.

அக்கா வடகவுஞ்சியில் பிறந்தார்கள். எனக்கு ஆறு வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானார்கள். அப்போது அக்காவுக்குப் பதினாறு. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிச் சமையலறையில் சேர்ந்து, என்னையும் உடன் வைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "எந் தம்பியையும் சேத்துக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா?" என்று கேட்பார்கள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு பேத்துப்பாறையில் குத்தகை நிலத்தில் பூண்டு போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டவுனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் போய் உட்காருவேன். அங்கே கிடைத்த உதிரிகளை வீட்டில் வைத்து ஒட்டிப் பார்ப்பேன். "கல்யாணம் பண்ணுடான்னா, கம்பியப் போட்டு ஒட்டிக்கிட்டுக் கெடக்கான்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. கடைசி ஆறு மாதம் படுக்கைதான். நான் பின்னால் உள்ள கொட்டகையில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருப்பேன். கூப்பிட ஒரு மணியைக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் தகரக் கூரையில் மழை கொட்டியதில் மணிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது, தண்ணீர் கேட்டு அடித்து அடித்து ஓய்ந்து, மணியைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தார்கள்.

அதனால் மணிக்குப் பதில், கூப்பிட ஒரு விளக்கு வைக்க முடிவு செய்தேன். நான் ஓடைப் பக்கம் போயிருந்தாலும் திரும்பும் வரை எரிய வேண்டும். டார்ச் பல்பு என்றால் பேட்டரிக் கட்டையைத் தின்றுவிடும். கடையில் கேட்டு எல்.இ.டி. என்ற சின்னச் சிவப்பு விளக்கை வாங்கி, மூன்று கட்டைகளில் நேராகக் கொடுத்தேன். பளீரென்று எரிந்தது, கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது.

கடை அண்ணாச்சி சிரித்தார். "ரெசிஸ்டர் இல்லாமக் கொடுத்தீங்களாக்கும்? பச்சப் புள்ளைக்குப் பந்திச் சாப்பாடு போட்ட மாதிரியில்ல ஆகிப்போச்சு!"

இரண்டு சிவப்புக் கோடும் ஒரு பழுப்புக் கோடும் போட்ட, கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றும், வேறொரு விளக்கும் கொடுத்தார். விளக்கின் நீளக் கால் பிளஸ் பக்கம் போக வேண்டும் என்றும் சொன்னார். பிளந்த மூங்கிலில் மூன்று கட்டைகளையும் வரிசையாக வைத்து, கட்டிலருகே ஒரு சுவிட்சும், கொட்டகையில் விளக்குமாகக் கம்பி இழுத்தேன். முதல் நாள் ஒரு காரியமும் இல்லாமலே அக்கா பத்துத் தடவை கூப்பிட்டார்கள். ஓடிப்போனால் படுத்தபடி சிரிப்பார்கள்.

எங்கள் ஊரில் கரண்டு இல்லாத வீடுகளில் ஒரே கட்டைகள்தான் டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் மாறி மாறிப் போகும். விளக்குக் கட்டைகளை யாரும் எடுத்துவிடாமல் இருக்க, அடியில் ஆணியால் சிலுவை கீறி வைத்தேன்.

அக்கா இறந்தது ஒரு பகல் நேரம். கஞ்சி கொண்டு போனேன், உயிர் இல்லை. கட்டிலருகே இருந்த அக்காவின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட ஓடினேன். ஆட்கள் கூடிக் கட்டிலைத் தூக்கினார்கள். அடக்கம் முடிந்து வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

நான் பற்ற வைத்த இணைப்பு விட்டுப்போய்விட்டது, அக்கா கூப்பிட்டும் நான் வரவில்லை என்றே நினைத்தேன். எல்லாவற்றையும் அப்படியே பரணில் போட்டேன். ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

சென்ற வாரம் இந்த மலருக்காக அக்காவின் பொருட்களைத் துடைத்தபோது ரேடியோவைத் திறந்தேன். கட்டைகள் கசிந்து ஒட்டியிருந்தன. நெம்பி எடுத்தேன். மூன்றின் அடியிலும் சிலுவைக் கீறல் இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. இறப்பதற்கு முந்தைய வாரம் முழுக்க அந்த ரேடியோ ஈனக் குரலில் முனகியது. அன்று மட்டும் கணீரென்று பாடியது. கட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு மதினியிடம் போனேன்.

"நாந்தான் மாத்திப் போட்டேன்" என்றார் மதினி. "பாட்டு கேக்கணும்னு அக்கா சைகை காட்டுனாங்க. 'தம்பி வெளக்கு எரியாதேக்கா'ன்னேன். அவன் சோலியப் பாக்கட்டும், கஞ்சியோட வந்துருவான்னு கையாலயே சொன்னாங்க. தாளம் போட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தாங்க. நான் வீட்டுக்கு வந்து அரிசி களையுறேன், நீங்க கூப்புடுறீங்க."

இத்தனை நாள் நினைத்ததைச் சொன்னேன்.

"ஏன் கொழுந்தனாரே, ஒரு வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!" என்று திட்டிவிட்டு மதினியும் அழுதார்.

அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். பரணிலிருந்து மூங்கிலை இறக்கி, ரேடியோவின் பழைய கட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியவை போட்டேன். விளக்கு எரிந்தது. இணைப்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அக்காவைக் குளிப்பாட்டி, தலை சீவி, கடைசிவரை பேச்சுத் துணையாக இருந்த மதினிக்கும், வேண்டிய சாமான்களும் யோசனையும் கொடுத்த கடை அண்ணாச்சிக்கும், மழையில் சவப்பெட்டி சுமந்து வந்த ஊராருக்கும், வடகவுஞ்சியிலிருந்து நடந்தே வந்த சொந்தங்களுக்கும் என் நன்றி. அக்காவின் படத்துக்கு முன்னால் அந்தச் சிவப்பு விளக்கை வைத்திருக்கிறேன். நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்கள் பார்க்கலாம்.

பேத்துப்பாறை,
1985 நவம்பர் 10, ஞாயிறு.