பொழுது சாய்ந்தால் வாய் திறக்காத ரத்தக் காட்டேரி

அமுலக் தோஷி வந்து நின்றால் பம்பாய் மூல்ஜி ஜேட்டா துணி மார்க்கெட்டில் கடைச் சந்தே பாதி இருண்டுவிடும் என்று கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஆறடிக்கு மேல் இன்னும் அரை அடி உயரம். ஒடுங்கிய கன்னம், கிணற்றுக்குள் கிடப்பதுபோல் கண்கள், அவற்றுக்கு மேல் கூரை இறக்கினாற்போல் புருவம். பச்சைக் குழந்தைகள் அவரைப் பார்த்தால் வீறிட்டு அழும். அவரும் பழகிப்போய், குழந்தையோடு யாராவது கடைக்கு வந்தால் தானாகவே உள்ளே போய்த் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்.

பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் தட்டிக்கழித்தார்கள். தாருலதா மட்டும் சரி என்றாள். ஏன் என்று அவளுடைய தங்கைகள் துருவித் துருவிக் கேட்டபோது, "பம்பாயில வீடுன்னா சின்னதா இருக்கும், சாமானையெல்லாம் பரண்லதான் வைக்கணும். இவரு ஏணி இல்லாமயே எடுத்துத் தருவாரு" என்றாளாம். காட்கோபரில் ஒற்றை அறையும் சமையலறையுமாக ஆரம்பித்த குடித்தனம் அது. பரணில் இருந்த டப்பாக்கள் நிஜமாகவே ஏணி இல்லாமல்தான் இறங்கின.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பல்தேவ் சப்ரா என்ற சினிமா டைரக்டர் கடைக்கு வந்தார். மலிவான பேய்ப்படங்கள் எடுக்கிறவர். கறுப்பு சாட்டின் துணி கேட்டார். அமுலக் ஒரு கட்டை உருவி, பளபளப்புத் தெரியட்டும் என்று இரண்டு கைகளையும் அகல விரித்துத் துணியைத் தன் முதுகுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தார். வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த சப்ராவுக்குக் குடித்த வாய் டீ தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"சேட்ஜி, துணியை இறக்காதீங்க. அப்படியே நில்லுங்க."

"ஏன் சாஹப், துணியில ஓட்டை கீட்டை இருக்கா?"

"துணி கெடக்கட்டும். சினிமாவுல நடிக்கிறீங்களா?"

கடை முதலாளி சிமன் காகா அமுலக்குக்குச் சித்தப்பா முறை. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்ன வேஷம்?" என்றார்.

"ரத்தக் காட்டேரி. பழைய பங்களா, கீழே நிலவறை, அங்க ஒரு சவப்பெட்டி. ராத்திரியானா எந்திரிச்சு வந்து பொண்ணுங்க கழுத்துல ரத்தம் குடிக்கணும்."

அமுலக் துணியைச் சட்டென்று மடித்துக் கீழே வைத்தார். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற சமண வீடு அவருடையது. வாசலில் எறும்பு வரிசை போனால் தாண்டிப் போவார், இல்லாவிட்டால் அது போகும்வரை நிற்பார். ஆனாலும் அன்று மாலை ரயிலில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகையில் சப்ராவின் பார்வைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தன் முகத்தை அதுவரை யாரும் அத்தனை ஆசையாகப் பார்த்ததில்லை.

தாருலதாவிடம் சொன்னார். அவள் ரொட்டி தேய்ப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"மாவுல கோழி பிடிச்சு அதை வெட்டுன ராஜாவுக்கே பாவம் விடலைன்னு சாமியாரம்மா மகாசதி பிரசங்கத்துல கதை சொன்னாங்களே, காதுல விழுந்துச்சா இல்ல தூங்கிட்டீங்களா?"

"விழுந்துச்சு. அந்த ராஜா அதை நெசக் கோழின்னு நெனச்சு வெட்டினான். அதான் பாவம்."

"நீங்க என்னன்னு நெனச்சுக் குடிப்பீங்க?"

அமுலக் யோசித்தார். "கோகம் சர்பத்துன்னு. அந்தப் பழச்சாறும் சிவப்புத்தானே."

தாருலதா ரொட்டிக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்போ அது நெசமாவே கோகமா இருந்துட்டுப் போகட்டும். நானே காய்ச்சித் தர்றேன். வெளியில எவன் எதைக் கலந்து ரத்தம் பண்ணுவானோ. ஆனா ஒண்ணு, பொழுது சாஞ்சா ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

மறுநாள் இரண்டு நிபந்தனைகளையும் கேட்டு சப்ரா தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய மேக்கப்காரர் வாமன் தாதா பீட்ரூட் சாற்றில்தான் ரத்தம் செய்கிறவர். மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு எதுவும் ஆகாது என்றார் அமுலக்.

"மனுஷ ரத்தம் குடிக்கிறவனுக்கு பீட்ரூட் ஆகாதா?" என்றார் சப்ரா. "சரி, அது போகட்டும். இது பேய்ப்படம்யா. ராத்திரி ஷூட்டிங் இல்லாம எப்படி?"

படத்தில் முதலில் பலியாகும் பெண்ணாக நடிக்க வந்திருந்த ரோமிலா அப்போது அங்கேதான் இருந்தாள். ஒரு காலத்தில் கதாநாயகியின் தோழியாக நிறைய நடித்தவள். வாய்ப்புகள் குறைந்து, பேய்ப்படத்தில் சாகிற வேஷத்துக்கு வந்திருந்தாள். அவள் அமுலக் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

"பல்தேவ்ஜி, பகல்லயே எடுங்களேன். எனக்கும் அதான் சௌகரியம். என் பொண்ணு முழிச்சிருக்கும்போது நான் வீட்டுக்குப் போய் நாளாச்சு."

லைட் தூக்குகிற ஆட்களும் ஆளுக்கொரு குரல் கொடுத்தார்கள். அவர்களுக்கும் வீடு இருந்தது. வேறு வழியில்லாமல் சப்ரா மறுபடி சிமன் காகாவின் கடைக்கே வந்து கறுப்புத் துணியைக் கட்டுக் கட்டாக வாங்கிப் போனார். காகாவுக்கு இதைவிட நல்ல படம் இல்லை. மட் தீவில் வாடகைக்கு எடுத்திருந்த பங்களாவின் சன்னல்கள் எல்லாம் மூடப்பட்டன. வெளியே உச்சி வெயில் காய, உள்ளே நள்ளிரவு ஆனது. இருட்டில் உண்பதும் இரவில் உண்பது போலத்தானே என்று அமுலக்குக்கு ஒரு சந்தேகம் வந்தது. விளக்குகளைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் ஒரு கொசு பறந்தால்கூட அதன் கால் தெரியும்போல் இருந்தது. மனம் சமாதானமாகிவிட்டது.

தாருலதா கோகம் பழத்தோலை வெல்லத்தோடு சுண்டக் காய்ச்சித் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினாள். வாமன் தாதா முதலில் முகத்தைச் சுளித்தார். கையில் கொஞ்சம் தடவி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு விரலை நக்கினார்.

"பாப்ரே, காய்ஞ்சா பழைய ரத்தம் மாதிரியே கறுக்குதே. அண்ணிகிட்ட நாளைக்கு ரெண்டு டம்ளர் கூடக் காய்ச்சச் சொல்லுங்க, வெயிலுக்கு எங்களுக்கும் ஆகும்."

அன்றிலிருந்து அந்தப் படப்பிடிப்பில் பாதி ரத்தம் கேமராவுக்கும் பாதி ரத்தம் சாப்பாட்டு வேளைக்கும் போனது. ஒரு தொந்தரவு மட்டும் உண்டு. வெல்லத்துக்கு எறும்பு வந்தது. காட்சிக்குக் காட்சி அமுலக் கோரைப் பற்களோடு மண்டியிட்டுச் சவப்பெட்டிக்குள் ஊதி ஊதி எறும்புகளை வெளியேற்றுவார். அவை எல்லாம் போகிறவரை கேமரா ஓடாது. சப்ரா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

ரோமிலாவைக் கடிக்கிற காட்சி வந்தது. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அவள் கட்டிலில் படுத்தாள். அமுலக் மேலங்கியை விரித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். கழுத்தருகே முகம் போனபோது அவள் கதையின்படி வாயைத் திறந்து அலறினாள். அடுத்த கணம் அமுலக் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் பின்னால் துள்ளி, மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் மோதி நின்றார்.

"கட்" என்றார் சப்ரா. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ரோமிலா எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் வாமன் தாதா வந்து அமுலக்கின் காதில், "என்ன சேட் இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தப் பொண்ணு உள்ள அழுவுது. 'பேய்கூட என் மூஞ்சியைப் பார்த்து அருவருக்குது தாதா'ங்குது" என்றார்.

அமுலக் பதறிப்போய் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். வாயில் கோரைப் பற்கள். பேச முயன்றால் காற்றுத்தான் வந்தது. பற்களைக் கழற்றி, வாயைத் துடைத்து, என்ன சொல்வது என்று கோர்வைப்படுத்திக்கொண்டு கதவைத் தட்டினால், அவள் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தாள். மீதி நாட்களில் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் அவள் இருக்கும் பக்கம் போகாமல் சவப்பெட்டியருகிலேயே நின்றுகொண்டார். தன் முகத்தைப் பார்த்துப் பிறர் ஒதுங்குவதன் வலி அவருக்குத் தெரியும். அதையே தானும் இன்னொருவருக்குச் செய்துவிட்டோம் என்பது சோற்றில் கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது.

படம் முடிந்தது. மழைக்காலம் வந்தது. சமணர்களின் பர்யூஷண நோன்பு நாட்களும் வந்தன. அதன் கடைசி நாளில், தெரிந்தும் தெரியாமலும் செய்த தீங்குகளுக்கெல்லாம் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள். அமுலக் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு தாருலதாவையும் கூட்டிக்கொண்டு 'கார்' என்கிற பம்பாய்ப் புறநகரில் ரோமிலாவின் வீட்டைத் தேடிப் போனார். கதவைத் திறந்தவள், வாசல் நிலைக்கு மேல் தலை மறைய ஒருவர் கைகூப்பி நிற்பதைக் கண்டு திகைத்தாள்.

"மிச்சாமி துக்கடம், ரோமிலா பென்" என்று மன்னிப்பு வாசகத்தைச் சொல்லி, அவளைச் சகோதரியாக அழைத்தார் அமுலக். "நான் உங்க மனசை நோகடிச்சிருக்கேன். மன்னிச்சிருங்க."

"உள்ள வாங்க சேட்ஜி. பழசையெல்லாம் எதுக்கு?"

"இல்ல, சொல்லிர்றேன். அன்னிக்கு நான் பின்வாங்குனது உங்க மூஞ்சியைப் பார்த்து இல்ல. பூண்டு."

"என்னது?"

"நீங்க வடா பாவ் சாப்பிட்டிருந்தீங்க. அதுல பூண்டுச் சட்னி. எங்க வீட்ல பூண்டு படியேறுனதே இல்ல. திடீர்னு அவ்வளவு கிட்டத்துல வந்ததும் எனக்குத் தலை சுத்திருச்சு. என் தப்புத்தான். மூச்சைப் பிடிச்சிருக்கணும்."

ரோமிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அது நிற்காமல் கொஞ்ச நேரம் அழுகையாகவும் ஆனது.

"ஒரு வடா பாவுக்காகவா நான் இத்தனை மாசம் கண்ணாடியே பாக்காம கெடந்தேன்?"

தாருலதா அவள் தோளில் கை வைத்தாள். "இவருக்கு நல்ல மூஞ்சி கெட்ட மூஞ்சியெல்லாம் தெரியாது பென். தெரிஞ்சிருந்தா தன் மூஞ்சியைக் கண்ணாடியில பார்த்தப்பவே ஊரைவிட்டு ஓடியிருப்பாரே."

"இதுக்கும் சேர்த்து நீ என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், இன்னிக்கே" என்றார் அமுலக். மூவருமாகச் சிரித்தார்கள். பிறகு ரோமிலா தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாள். வேறெதுவும் அன்று அவர்கள் தொடமாட்டார்கள் என்று தெரிந்து, தானும் தண்ணீரே குடித்தாள்.

குளிர்காலத்தில் படம் வெளியானது. 'சாத்வான் தாபூத்', அதாவது ஏழாவது சவப்பெட்டி. ரோமிலாவையும் அழைத்துக்கொண்டு காட்கோபரில் மேட்னி காட்சிக்குப் போனார்கள். இருட்டில் அமுலக்கை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவருக்குப் பின் வரிசையில் இருந்தவன், "தலையை இறக்குய்யா, பேய் தெரியல" என்று அதட்டினான். அமுலக் மரியாதையாகச் சரிந்து உட்கார்ந்தார்.

அந்தக் கட்டில் காட்சி வந்தது. காட்டேரி குனிகிறது, பெண் அலறுகிறாள், காட்டேரி அடிபட்டதுபோல் துள்ளிச் சுவரில் மோதுகிறது. உடனே திரை நிறைய அவள் கழுத்தில் ஒரு சாமி டாலர் மின்னியது. கொட்டகையில் விசில் பறந்தது. சில்லறைகூட வீசினார்கள். சப்ரா அந்தப் படத்துண்டைத் தூக்கி எறியவில்லை. முதல் பலியாகச் சாகவேண்டிய பெண்ணைச் சாகவிடாமல், டாலரோடு கடைசிவரை கொண்டுபோய், காட்டேரியை அவளே விரட்டுவதாகக் கதையை மாற்றியிருந்தார். டாலர் மாட்டிக் கூடுதலாகச் சில நாள் எடுத்தபோது, எல்லாம் கடைசியில் வெட்டத்தான் போகிறார்கள் என்றே ரோமிலா நினைத்திருந்தாள். தனக்காக ஒரு கொட்டகையே கைதட்டுவதை அவள் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பக்கத்து இருக்கை அம்மாள் ஒருத்தி பயத்தில் தாருலதாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு கொடூரமான ஆளு, வீட்ல பொண்டாட்டி எப்படித்தான் இருப்பாளோ" என்றாள்.

"இருப்பா, சௌக்கியமா இருப்பா" என்றாள் தாருலதா.

அதற்குப் பிறகு இன்னும் சில பேய்ப்படங்களில் அமுலக் நடித்தார். வெளிச்சத்தோடு வந்து வெளிச்சத்தோடு போகிற அவருடைய வழக்கம் அங்கே எல்லோருக்கும் பிடித்துப்போனது. ரோமிலாவுக்குப் பேய் விரட்டுகிற பெண் வேடங்கள் தொடர்ந்து கிடைத்தன. காட்டேரிப் படங்களுக்கு மவுசு போனபோது அமுலக் அதிகம் வருந்தவில்லை. கடை இருந்தது. சந்தில் நடந்தால் சுமை தூக்குகிறவர்கள்கூட நின்று சலாம் வைத்தார்கள். குழந்தைகள் வந்தால் துணிக்கட்டுக்குப் பின்னால் போய் உட்காரும் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று அவருக்கே தெரியவில்லை.

பல ஆண்டுகள் கழித்து மகள் பல்லவிக்குச் சூரத்தில் வரன் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வந்த சம்பந்தி ரத்தின வியாபாரி, வாயே திறக்காத மனிதர். வந்ததிலிருந்து அமுலக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சினிமாவில் நடித்ததை அந்த வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை. தாருலதா இனிப்புத் தட்டை மறுபடி மறுபடி அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். கடைசியில் சம்பந்தி எழுந்து, அமுலக்கின் தோளில் கை போட்டுப் பால்கனிப் பக்கம் ஓரமாக அழைத்துப் போனார்.

"வேவாய், சம்பந்திங்கிற உரிமையில ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"காலேஜைக் கட் அடிச்சுட்டுப் போய் அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தேன். சவப்பெட்டி மூடி திறந்ததும் ஒரு பார்வை பார்ப்பீங்களே. ஒரே ஒரு வாட்டி."

அமுலக் சுற்றுமுற்றும் பார்த்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பிறகு புருவத்தை மெல்ல உயர்த்தினார். சம்பந்தி ஓரடி பின்வாங்கி, பூச்சட்டியில் இடித்துக்கொண்டு, சின்னப் பையனைப்போல் கைதட்டினார்.